மோ குவாவை முற்ற விட்டவர்கள் இங்கே வாருங்கள்

ஈப்போக்காரி:
மோ குவா என்ற சீனக் காயின் நாற்று இரண்டு, பக்கத்து வீட்டு ஆண்ட்டி கொடுத்தது. அவர் கன்டனீஸ் பேசுகிறவர். எனக்கு அதில் ‘சாப்பிட்டாச்சா’ மட்டும்தான் வரும். கொடி வேலியில் ஏறிக் காயும் பிடித்தது. கல்யாணப் பூசணி போலச் சாம்பல் பூக்கட்டும் என்று நானும் காத்திருந்தேன். பூக்கவே இல்லை. ஒரு நாள் காலையில் எட்டிப் பார்த்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். செருப்புகூடப் போடாமல் வந்து, என் விரலைப் பிடித்து ஒரு பிஞ்சின் மேல் தேய்த்தார். சுணை குத்தியது. அப்புறம் அதே விரலை என் பெரிய காயின் மேல் இழுத்தார். வழவழ. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சுணை இன்னும் விரலில் இருப்பது போலவே இருக்கிறது.

வல்வெட்டியான்:
இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? இது எங்கட நீற்றுப்பூசணிதான். முற்றினால்தான் ருசி. அந்த அம்மா காட்டியதற்காகப் பிஞ்சில் பறிக்காதீர்கள்.

பழைய சமையல்காரன்:
வல்வெட்டித் தம்பி, பாதிதான் சரி. இனம் ஒன்று, வகை வேறு. உங்கள் பூசணியைச் சீனர்கள் தொங் குவா என்பார்கள், அதுதான் முற்றி நீறு பூக்கும், மாதக்கணக்கில் கெடாது. மோ குவா என்றாலே ‘முடி உள்ள காய்’ என்றுதான் அர்த்தம். சுணை இருக்கும்போதே, ஒரு சாண் வளருவதற்குள் பறிக்க வேண்டும்.

நான் ஹாங்காங்கில் வேலை பார்த்தபோது கூட இருந்தவன் ஒரு நாள் ஏதோ ஒரு சாப்பாட்டைச் சொல்லி வரவழைத்தான். பெயருக்கு அர்த்தம் கேட்டேன். ‘பெரியம்மா மகளைக் கட்டிக் கொடுக்கிறாள்’ என்றான். கல்யாண விருந்துதான் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்தது ஒரு மண்சட்டி. உள்ளே மோ குவா, காய்ந்த இறால், கண்ணாடி போல வழுக்கும் பாசிப்பயறு சேமியா. பொண்ணு எங்கே என்றேன். குச்சியால் ஒரு இறாலைத் தூக்கிக் காட்டினான்.

மாடித்தோட்டம் 57:
என் கதை சின்னது. பிடித்த காயெல்லாம் பழ ஈயிடம் போனது, வெட்டினால் உள்ளே புழு. அதனால் சொல்கிறேன், பூ வாடியதுமே பிஞ்சுக்குக் காகிதப் பை கட்டிவிடுங்கள், நியூஸ் பேப்பரே போதும். பந்தல் பலமாக இருக்கட்டும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, பயப்பட வேண்டாம். பெண் பூவுக்கு அடியிலேயே குட்டிக் காய் தெரியும். தேனீ வராவிட்டால் விடிகாலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவை பெண் பூவில் தொட்டுவிடுங்கள். வெயில் ஏறினால் பலன் இல்லை. தண்ணீர் வேரில்தான், இலையில் வேண்டாம். சமைக்கும்போது கத்தியின் முதுகால் சுரண்டினாலே தோல் வந்துவிடும், ஆழமாகச் சீவினால் காயில் பாதி குப்பைக்குப் போகும். ஒரு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுதையும் தூக்கிப் போடுங்கள், பாகற்காய் தவிர எந்தச் சுரைவகைக்கும் இதே விதிதான்.

ஈப்போக்காரி:
அண்ணா, நான் பூச்சியைப் பற்றிக் கேட்கவே இல்லையே! சரி, குறித்துக்கொண்டேன். அந்த முற்றின காய் வீணாகவில்லை. ஆண்ட்டியே தூக்கிப் போய்த் தோலோடு வெட்டி, தட்டைப்பயறு போட்டு சூப் வைத்து ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். விதைகளை மட்டும் தரவில்லை. கேட்டதற்கு என் விரலைப் பார்த்துச் சிரித்தார்.