குறுநிகழ்ச்சியில் டிரிபிள் ஆக்சல்: ஆலோசனை தேவை

குழுவிலுள்ள பயிற்சியாளர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் வணக்கம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சீனியர் பிரிவில் போட்டியிடும் என் மகள், போட்டியின் முதல் சுற்றான குறுநிகழ்ச்சியில் இதுவரை பிழையின்றிச் செய்துவரும் டபுள் ஆக்சலுக்குப் (முன்னோக்கிப் புறப்பட்டு இரண்டரைச் சுற்று சுழலும் தாவல்) பதிலாக, மூன்றரைச் சுற்று சுழலும் டிரிபிள் ஆக்சலை வைக்க விரும்புகிறாள். பயிற்சியில் பாதிக்கு மேல் சரியாகவே இறங்குகிறாள். நடுவர்கள் முன்னிலையில் இறங்குவது வேறு விஷயம்.

வெறும் கணக்கு துணிச்சலின் பக்கமே சாய்கிறது. டிரிபிள் ஆக்சலின் அடிப்படை மதிப்பு 8.00, டபுளுக்கு 3.30. முழுச் சுழற்சியுடன் விழுந்தால், செயல்தரத்துக்கான (தாவலைச் செய்த விதத்துக்கு நடுவர்கள் -5 முதல் +5 வரை தரும் மதிப்பு) -5 நான்கு புள்ளிகளையும் விழுந்ததற்கான கழிவு ஒரு புள்ளியையும் எடுத்துக்கொண்ட பிறகும் 3.00 மிஞ்சும், டபுளை +2 தரத்தில் செய்தால் கிடைப்பதோ 3.96தான். சுழற்சி குறைவு என்று தொழில்நுட்பக் குழு குறித்துவிட்டால் அடிப்படை மதிப்பு 80 சதவீதமாகி, விழும்போது 2.20 மட்டுமே தேறும்.

என்னை உறுத்துவது இந்தக் கணக்கில் வராத பகுதி: விழுந்த பதற்றத்தில் அடுத்து வரும் கூட்டுத் தாவலும் (ஒன்றையடுத்து ஒன்றாக உடனே செய்யும் இரு தாவல்கள்) கெட்டுவிட்டால் இழப்பு பன்மடங்காகும். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் நேதன் சென் குறுநிகழ்ச்சியில் 17ஆம் இடத்துக்குச் சரிந்து, இரண்டாம் சுற்றான நெடுநிகழ்ச்சியில் ஆறு குவாட் (நான்கு சுற்றுத்) தாவல்களுடன் மொத்தத்தில் 5ஆம் இடத்துக்கு ஏறினார். அவ்வாறு மீள்வது எல்லோருக்கும் இயலாது.

ஆகவே, டிரிபிளை முதலில் நெடுநிகழ்ச்சியில் மட்டும் சில போட்டிகளுக்கு வைத்துப் பார்ப்பது சரியான வரிசையா? அன்றைய வார்ம்-அப்பைப் பார்த்துக் கடைசி நேரத்தில் டபுளுக்கு மாறும் முறையைக் கையாண்டவர்கள், அது ஸ்கேட்டரின் மனநிலையைக் குழப்பியதா என்பதையும் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.