மறு: மறு: பேட்டர்ன் மேட்சிங் – நாளை காலைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

'பேட்டர்ன் மேட்சிங்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்வியை நான் போட்டு ஆறு நாள் ஆகிறது. வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். ஜாவாஸ்கிரிப்ட் பாடத்தின் ஒன்பதாம் அலகு நாளை காலை அச்சுக்குப் போகிறது. அதற்குமுன் உங்களுக்கு ஒரு பதில் எழுதாமல் போனால் மரியாதை இல்லை.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வசதி ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் சேரவில்லை. மொழியின் தரத்தைத் தீர்மானிக்கும் டிசி39 குழுவில் 2018 மே மாதத்தில் முதலாம் கட்டத்துக்கு வந்த முன்மொழிவு இது. "வராத ஒன்றுக்கு ஏன் இப்போதே சொல்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்தபிறகு தேடினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம்: கணினி, கணிப்பொறி, கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே வகுப்பறையில் நடமாடுகின்றன. மற்ற நிரல்மொழிகளில், ரூபி 2.7 இல் 2019 டிசம்பரிலும், பைத்தான் 3.10 இல் 2021 அக்டோபரிலும் இது வந்தாயிற்று. 2020 நவம்பரில் வந்த பி.எச்.பி. 8.0 என்ற நிரல்மொழிப் பதிப்பில் 'மேட்ச்' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது மதிப்பு சமமா என்று மட்டும்தான் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டு "இது வெறும் ஒப்பீடுதானே" என்று எழுதிய நண்பருக்கு: இல்லை. நாம் பேசுவது மதிப்பின் அமைப்பைப் பார்ப்பது. சர்வரிலிருந்து வரும் விடையில் நிலை 200 ஆக (எல்லாம் சரி என்பதற்கான எண்) இருந்து, உள்ளே 'உடல்' என்று ஒரு பகுதியும் இருந்தால், அந்தப் பகுதியைக் கையோடு எடுத்து ஒரு பெயரில் வைத்துக்கொடுக்கும். சோதிப்பது, பிரிப்பது, பெயரிடுவது மூன்றும் ஒரே வரியில் நடக்கின்றன. பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழைய 'சுவிட்ச்' கட்டளையில் 'பிரேக்' போட மறந்து அடுத்த 'கேஸ்' வழியில் போய் விழும் தொல்லையும் இதில் கிடையாது.

இனி உங்கள் மடல்கள்.

> எங்கட பிள்ளையள் கணித பாடத்தில எண் கோலங்கள் எண்டுதான் படிக்கினம். கோலம் இருக்கேக்க வேற சொல் ஏன் தேடுறியள்? கோலப் பொருத்தம் எண்டு வையுங்கோ.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயாவுக்கு: இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் வலுவான காரணம் எதுவும் இல்லை. பேட்டர்ன் என்றால் கோலம் என்று ஒரு நாட்டின் பள்ளிப்பிள்ளைகள் எல்லாரும் ஏற்கனவே அறிந்திருக்கும்போது, இங்கே இருக்கும் நாம் அதைக் கண்டுகொள்ளாமல் புதுச்சொல் தேடுவது நம் பழைய குறை. ஆனால் என் மாணவர்கள் படித்தது தமிழ்நாட்டுப் பாடநூலில். அங்கே பேட்டர்னுக்கு 'அமைப்புகள்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லையே எடுக்கலாம் என்றால், கைப்பேசியைத் திறந்ததும் செட்டிங்ஸ் இருக்கும் இடத்திலும் 'அமைப்புகள்' என்றே நிற்கிறது. அதனால் அது போயிற்று.

> உருப்பொருத்தம் என்பதை நான் ஏற்கமாட்டேன். தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகுத்தார். அங்கே உரு என்பது நிறம். வடிவுக்கு மெய் என்று பெயர். ஆகவே மெய்ப்பொருத்தம்.

கோவை ஐயா, இந்த மடலைப் படித்து எனக்கு மனம் நிறைந்தது. ஆனால் இரண்டாம் அலகிலேயே ஆம், இல்லை என்று இரண்டே நிலை கொண்ட பூலியன் மதிப்புகளுக்கு மெய், பொய் என்று போட்டுவிட்டோம். மெய்ப்பொருத்தம் என்று எழுதினால் 'உண்மையான பொருத்தம்' என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த மடலில் ஐயா வடிவத்தைப் பிடித்துக்கொண்டார். வடி என்றால் கஞ்சியை வடிப்பது, வடி என்றால் சிலையை வடிப்பது. இரண்டும் ஒரே வேர், வேண்டாததை நீக்கினால் மிஞ்சுவதே வடிவு என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதற்கு மறுப்பாக ஐந்து மடல்கள். அந்த வேர் ஆராய்ச்சி சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எனக்கு உதவியது வேறொன்று. 'இந்த ஆப்ஜெக்டின் ஷேப் என்ன?' என்றுதான் நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த ஷேப் வடிவம்தான். 'அச்சு' வேண்டும் என்றவர்களுக்கும் இதே பதில்: முறுக்கு அச்சு மாவுக்கு வடிவத்தைத் தருகிறது. இங்கே மதிப்புக்கு ஏற்கனவே ஒரு வடிவம் இருக்கிறது, அது பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

> பொருந்து தன்வினை, பொருத்து பிறவினை. பொருத்தம் என்றால் நாம் கொண்டுபோய்ப் பொருத்துவதாக ஆகிவிடும். பொருந்தல் என்றே இருக்க வேண்டும்.

இந்த ஒரு கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது. நியாயமான கேள்வி. மின்விசிறியைப் பொருத்துவது நாம். மதிப்பு வடிவத்தில் தானாகப் பொருந்துகிறது. பிறகு இணைகளை எழுதிப் பார்த்தேன். திருந்து, திருத்து – திருத்தம். வருந்து, வருத்து – வருத்தம். திருத்தம் என்பது திருத்துகிறவர் செய்வது. ஆனால் வருத்தம்? அது வருந்துகிறவருக்குள் இருப்பது, வருத்துகிறவரிடம் இருப்பதில்லை. ஆக, வல்லினம் வந்ததாலேயே அந்தப் பெயர்ச்சொல் பிறவினைக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. பொருத்தம் வருத்தத்தின் பக்கம் நிற்கிறது. "சட்டை உனக்குப் பொருத்தமா இருக்கு" என்கிறோம். யாரும் அங்கே எதையும் பொருத்தவில்லை. 'பொருத்துதல்' என்றால்தான் நீங்கள் சொல்லும் சிக்கல் வரும். அதை நான் பாடத்தில் எங்கும் போடவில்லை.

பொருத்தம் என்றதும் ஜாதகம்தான் ஞாபகம் வருகிறது என்று சிலர் சொன்னார்கள். வரட்டும். பாட்டியல் நூல்களிலும் மங்கலம், சொல், எழுத்து, தானம் என்று முதற்சொல்லுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூறாக எடுத்து இசைகிறதா என்று சோதிக்கும் வேலைக்குத் தமிழில் இந்தச் சொல் நெடுங்காலமாக உழைத்து வந்திருக்கிறது.

> அக்கா, நேர்காணல்ல பேட்டர்ன் மேட்சிங்னு கேட்டாத்தான் பசங்களுக்குப் புரியும். அப்படியே தமிழ் எழுத்துல போட்டுடுங்க.

தம்பி, முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். வேலை தேடிப் போகிற பிள்ளையின் கையில் அந்தச் சொல்லும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கருத்தை மனத்தில் வாங்கும் நேரத்தில் அவள் தனக்குத் தெரிந்த சொல்லில் வாங்கட்டும்.

கடைசியாகக் கும்பகோணம் அம்மாவின் மடல். பேட்டர்னுக்கு 'வாய்பாடு' என்றார். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். பத்தாம் வகுப்புத் தேர்வில் அலகிட்டு வாய்பாடு எழுதாத பிள்ளை உண்டா என்று கேட்டிருந்தார். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பில் இதைப் பலகையில் எழுதினேன். ஜாவாஸ்கிரிப்டில் ஓடாது என்பதால் ஓட்டியது பைத்தானில்.

மேட்ச் சீர்:
  கேஸ் ["நேர்", "நேர்"]: "தேமா"
  கேஸ் ["நிரை", "நேர்"]: "புளிமா"
  கேஸ் ["நிரை", "நிரை"]: "கருவிளம்"
  கேஸ் ["நேர்", "நிரை"]: "கூவிளம்"
  கேஸ் [அ, ஆ, "நேர்"]: "காய்ச்சீர்"
  கேஸ் [அ, ஆ, "நிரை"]: "கனிச்சீர்"

ஐந்தாவது வரியில் அ, ஆ இரண்டும் எந்த அசையாக இருந்தாலும் ஏற்கும். ஏற்றதை அந்தப் பெயர்களில் வைத்துக்கொள்ளும். மூன்று வாரமாக எனக்கு விளங்க வைக்க முடியாமல் இருந்த பெயரிடும் வேலை பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. முதற்குறளைச் சீர்சீராகக் கொடுத்தோம். அகர, புளிமா. முதல, புளிமா. எழுத்தெல்லாம், காய்ச்சீர். ஆதி, தேமா. பகவன், முதற்றே இரண்டும் புளிமா. உலகு என்று கொடுத்ததும் அதற்கும் புளிமா என்று வந்தது. இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மிஸ், ஈற்றுச்சீர் பிறப்புல முடியணுமே" என்றாள். வடிவம் சரியாகப் பொருந்தியிருக்கிறது, ஆனால் இடம் வேறு. வடிவத்தோடு ஒரு நிபந்தனையும் வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆனாலும் அம்மா, வாய்பாட்டை நாளைக்குப் போட முடியவில்லை. வேதியியலில் மூலக்கூறு வாய்ப்பாடு, கணக்கில் பெருக்கல் வாய்ப்பாடு என்று ஃபார்முலாவும் டேபிளும் அந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ப் வருமா வராதா என்றே இங்கே எட்டு மடல்கள் ஓடின. எண்ணிப் பார்த்ததில் வடிவப் பொருத்தத்துக்கு ஒன்பது பேர், கோலப் பொருத்தத்துக்கு நான்கு பேர், வாய்பாட்டுக்கு அம்மாவும் நானும். ஆம், நானும்தான். என் மனம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாடத்தில் வடிவப் பொருத்தம் என்று போகும், எடுத்துக்காட்டு அம்மாவினுடையதாக இருக்கும். இலங்கை வழக்கு கோலப் பொருத்தம் என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.

'உலகு' சிக்கலைத் தீர்க்க கேஸ் வரியின் கடைசியில் 'இஃப்' போட்டு ஒரு நிபந்தனை வைக்கலாம். அதற்கு 'கார்டு' (guard) என்று பெயர். பத்தாம் அலகு அதைப் பற்றியது. காவல் என்று ஒருவர் ஏற்கனவே எழுதிவிட்டார். எனக்கு அது பொருந்தவில்லை, ஏனென்றால் அந்த நிபந்தனை யாரையும் காக்கவில்லை, உள்ளே விடலாமா என்று கேட்கிறது. அதற்கு ஒரு தமிழ்ச்சொல்லை வரும் 20ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒன்பதாம் அலகின் மொழிபெயர்ப்பாளர்