மறையும் கவசம்: கண்ணை ஏமாற்றலாம், சூட்டை எங்கே வைப்பது?

இரும்புக்கை: அறிபுனைக் கதைகளில் எனக்கு எரிச்சலூட்டுவது இந்த மறையும் கவசம்தான். வீரன் மணிக்கட்டில் எதையோ தட்டுகிறான், ஆளைக் காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சுமையோடு ஓடினால் பல மடங்கு. வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமராவில் அவன் பளிச்சென்று தெரிவான்.

கணவாய்: எழுதுகிறவர்கள் இதை யோசிக்கவே இல்லை என்கிறீர்களா? 'கோஸ்ட் இன் த ஷெல்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் உருமறைப்பு, ஒளியோடு வெப்பத்தையும் மறைப்பது. நிஜத்திலும் உண்டு. ஸ்வீடனில் பிஏஇ சிஸ்டம்ஸ் என்ற ஆயுத நிறுவனம் உருவாக்கிய 'அடாப்டிவ்' வெப்ப மறைப்பு 2011-இல் வெளியே வந்தது. சிவி90 கவச வண்டியின் பக்கவாட்டில் அறுகோணத் தகடுகள், ஒவ்வொன்றும் தனித்தனியே சூடாகும், குளிரும். தெர்மல் கேமராவுக்கு அங்கே நிற்பது ஒரு சாதாரணக் கார்.

இரும்புக்கை: அது வண்டி ஐயா! எஞ்சின் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. தகட்டின் வெளிமுகத்தைக் குளிர்வித்தால் அந்தச் சூடு உள்முகத்துக்கு வரும். தகடு தின்ற மின்சாரமும் சூடாக மாறி அதோடு சேரும். கவசத்துக்குள் இருப்பவன் வெந்துபோவான்.

தொலைநோக்கி: கோணத்தை இருவருமே மறந்துவிட்டீர்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சுசுமு தாச்சி குழுவினர் 2003-இல் காட்டிய மேலங்கியில், பின்னணியைக் கேமராவில் பிடித்து ப்ரொஜெக்டரால் பாய்ச்சியதால், பின்னால் நடந்துபோகிறவர்கள் அங்கியின் மேலேயே தெரிந்தார்கள். ஆனால் ப்ரொஜெக்டரின் கோணத்திலிருந்து பார்த்தால் மட்டும். கொஞ்சம் விலகி நின்றால் அது வெறும் அங்கி.

கணவாய்: முழுக்க மறைய வேண்டும் என்று யார் கேட்டது? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை, அவெஞ்சர் விமானத்தின் இறக்கை முன்விளிம்பில் விளக்குகளைப் பொருத்தி, வானத்தின் வெளிச்சத்துக்குச் சமமாக எரியவிட்டது. சுமார் 12 மைலிலேயே கண்ணில் படும் விமானம் 2 மைல் நெருங்கும்வரை தெரியவில்லை. வெறும் விளக்கு!

இரும்புக்கை: ரேடார் பரவியதும் அந்த விளக்குகளை மூட்டை கட்டிவிட்டார்கள். அதையும் சொல்லுங்கள்.

கணவாய்: சொல்கிறேன். ஒவ்வொரு மறைப்புக்கும் ஆயுள் உண்டு, அந்த வரம்புதான் கதைக்குத் தீனி. 2007-இல் வந்த 'கிரைசிஸ்' விளையாட்டில், மறைந்திருக்கும்போது உடையின் ஆற்றல் கரைந்துகொண்டே இருக்கும்; சுட்டால் வெளிப்பட்டுவிடுவோம். சூட்டுக்கும் அப்படி ஒரு கணக்கு வையுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். 500 வாட் வெளியேற்றும் வீரனைப் பத்து நிமிடம் தாங்க அதுவே போதும்.

இரும்புக்கை: உடம்புச் சூட்டுக்குச் சரி. தகடுகளின் மின்சாரத்தை யார் கணக்கில் எடுப்பது? பதினோராவது நிமிடம் அவன் எங்கே போவான்?

கணவாய்: நிழலான இடம் தேடி ஓடுவான். அந்த ஓட்டத்தைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.

தொலைநோக்கி: ஓடட்டும். கையில் துப்பாக்கி இருக்கிறதே? ஒரு மேகசின் தோட்டாக்கள் தீர்ந்தபின் குழல் கொதிக்கும். ஆளில்லாமல் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிதந்து போவதைத் தெர்மல் கேமராவில் பார்க்கலாம். அதற்கு எத்தனை கிலோ பனிக்கட்டி வைத்திருக்கிறீர்கள்?