இரண்டு குழந்தைகளோடு மூன்று வாரம் மதுரை: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி (மெல்போர்ன்வாசி):
வணக்கம். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. டிசம்பரில் பள்ளி லீவு விட்டதும் கிளம்பி மூன்று வாரம் ஊரில் இருக்கலாம் என்று திட்டம். மாமனார் வீடு திருமங்கலம். உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் சின்னவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். கூடவே கொடைக்கானல், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று வீட்டுக்காரர் பட்டியல் போட்டிருக்கிறார். இது போக இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகள். பிள்ளைகள் தாங்குவார்களா என்று பயமாக இருக்கிறது. எதைக் குறைக்கலாம்?

வைகைக்கரை:
அக்கா, முதலில் தேதியைப் பாருங்கள். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் காதுகுத்து வைக்க மாட்டார்கள், தை பிறக்க வேண்டும். உங்கள் ஊரில் பள்ளி திறப்பதே ஜனவரி கடைசியில்தானே? புது வருஷம் கழித்து வாருங்கள். கிறிஸ்துமஸ் நெருக்கடி தாண்டினால் டிக்கெட் விலையும் பொதுவாக இறங்கும்.

பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வைத்தால் சொந்தபந்தம் மொத்தமும் குலதெய்வக் கோயிலுக்கே வந்துவிடும். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்து காது குத்தியதைப் பார்த்து, பந்தியில் சாப்பிட்டுப் போனவர்கள் "எங்கள் வீட்டுக்கு வரவில்லையே" என்று குறைப்பட மாட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கும் வேலையை மாமனாரிடம் விட்டுவிடுங்கள். பாதி அலைச்சல் இதிலேயே போய்விடும்.

தெப்பக்குளத்துக்காரி:
நீங்கள் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் முதல் நாலைந்து நாள் பிள்ளைகள் சாயங்காலமே தூங்கி, விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். மல்லுக்கட்ட வேண்டாம். அந்த நேரத்தில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். கல்தரை குளுகுளுவென்று இருக்கும், பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார இடம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளையோடு வரிசையில் நிற்பது பாவம். மதியம் நடை சாத்திவிடுவார்கள். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, வீட்டிலேயே வைத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம்.

பெரியவனுக்குக் கீழடி அருங்காட்சியகம் காட்டுங்கள். 2023-ல் திறந்தது, ஊரிலிருந்து பக்கம்தான்.

மெல்போர்ன்வாசி:
மார்கழி விஷயம் யாருக்குமே நினைவில்லை, ரொம்ப நன்றி! சரி, கன்னியாகுமரியை எடுத்துவிடுகிறோம். கொடைக்கானலும் ராமேஸ்வரமும்? பொங்கலுக்கு அலங்காநல்லூர் போகலாமா?

மலைப்பாதை:
கொடைக்கானலைப் பொங்கலுக்கு முன் வாரநாளில் வையுங்கள், பொங்கல் லீவில் மலைப்பாதையே அடைத்துக்கொள்ளும். காருக்கு இ-பாஸ் கட்டாயம். டிரைவரிடம் கேட்டு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வத்தலக்குண்டில் ரெண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் வெளியே வந்துவிடும். ரெண்டு ராத்திரி தங்குங்கள். ஒரே நாளில் ஏறி இறங்கினால் பிள்ளைகள் பார்ப்பது கார் சீட்டை மட்டும்தான்.

ராமேஸ்வரத்துக்கு ரயில். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் கடலுக்கு மேல் போகும்போது பெரியவன் ஜன்னலை விட்டு நகர மாட்டான். தை அமாவாசை அன்று மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை இந்த வயதில் டிவியில் காட்டுங்கள் போதும்.

வைகைக்கரை:
ஒன்று விட்டுப்போச்சு. குழந்தைகளுக்கான கார் சீட்டை அங்கிருந்தே கொண்டு வாருங்கள், இங்கே வாடகைக் கார்களில் இருக்காது. கார் பேசும்போதே பின் சீட் பெல்ட்டைக் கேளுங்கள். பல வண்டிகளில் பெல்ட் தொங்கும், மாட்டுகிற பக்கிள் சீட் கவருக்கு அடியில் போய்க் கிடக்கும். முதல் நாளே கவரைத் தூக்கி வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளைப் பற்றி ஒரு மாதம் முன்பே அங்கேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் என்றால் விசாவோ ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.