பில்லி ஹாலிடேயை எந்தக் குரலில் நினைவு வைத்துக்கொள்வது?

தம்புரா:

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று போன வாரம் இங்கே புதியவர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் சொன்னது 'லேடி இன் சாட்டின்'. எனக்கு இதில் பலத்த ஆட்சேபம் இருக்கிறது. அந்த இழையைக் குழப்ப வேண்டாம் என்று தனியாகப் போடுகிறேன்.

அந்த ஆல்பம் 1958 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. அவருக்கு அப்போது 42 வயது. போதையும் குடியும் குரலைத் தின்றுவிட்டிருந்தன. மேல் ஸ்தாயி கிட்டத்தட்ட இல்லை, நீட்டிப் பிடிக்கும் கார்வை நிற்கவில்லை, வரி முடிவதற்குள் மூச்சு முடிகிறது. பின்னால் ரே எல்லிஸின் பெரிய ஆர்கெஸ்ட்ரா: வயலின்கள், ஹார்ப், பின்பாட்டுக் கோரஸ். அடுத்த ஆண்டு ஜூலை 17 அன்று, 44 வயதில் இறந்துவிட்டார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அதைப் போடுகிறவர் பாட்டையா கேட்கிறார்? ஒரு பெண்ணின் துயரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், கண் கலங்குகிறார், அந்தக் கண்ணீரையே ரசனை என்று எடுத்துக்கொள்கிறார்.

பில்லி முதல் தரமான இசைக்கலைஞர். அதற்குச் சான்று 1935-லிருந்து பியானோ கலைஞர் டெடி வில்சன் குழுவோடு பாடிய பதிவுகள். 78 சுற்று இசைத்தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். ஜூக்பாக்ஸில், அதாவது காசு போட்டால் பாடும் பெட்டியில், ஓடுவதற்காக அவசர அவசரமாகப் பதிந்தவை. பாதிக்கு மேல் அடுத்த மாதமே யாரும் நினைக்காத பாட்டுகள். அந்தச் சாதாரண மெட்டுகளை அவர் பிரித்துப் போட்டு வேறொன்றாகக் கட்டினார்.

1937 ஜனவரி 25 பதிவைக் கேளுங்கள். லெஸ்டர் யங்கும் பில்லியும் சேர்ந்த முதல் பதிவு அது. 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்' பாட்டில் முதலில் லெஸ்டர் டெனர் சாக்ஸபோனில் மெட்டை வாசித்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். அதே குளிர்ச்சியோடு, அதே நிதானத்தோடு பில்லி எடுக்கிறார். வாத்தியம் எங்கே முடிந்தது, குரல் எங்கே தொடங்கியது என்று மனம் ஒரு கணம் தடுமாறும். பில்லிக்கு அப்போது வயது 21. புதியவர்களுக்கு இதைக் கொடுங்கள்.

ஊசிமுள்:

தம்புரா சார், 1937 பத்தி நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட மாத்த மாட்டேன். ஆனா சாட்டினை இரக்கத்துக்கான ரெக்கார்டுன்னு ஒதுக்குறது அநியாயம்.

அந்த ஆல்பம் அவர் தலையில யாரும் கட்டினது இல்ல. ரே எல்லிஸ் ஆர்கெஸ்ட்ராவோட ரெக்கார்டைக் கேட்டுட்டு, இவரோடதான் பாடணும்னு பில்லியே விரும்பிக் கேட்டது. எல்லிஸ் பின்னாடி மனசைத் திறந்து சொல்லியிருக்கார்: எல்லா டேக்கையும் உட்கார்ந்து கேட்டப்போ அவருக்குத் திருப்தியே இல்லையாம். சில வாரம் கழிச்சு கடைசி மிக்ஸைக் கேட்டப்பதான், நாம இசையை மட்டும் கேட்டோம், உணர்ச்சியைக் கேட்கலன்னு புரிஞ்சுதாம். பக்கத்துலயே நின்னு நடத்தினவருக்கே அவ்வளவு நாள் ஆகியிருக்கு.

முதல் பாட்டு 'ஐ ஆம் எ ஃபூல் டு வாண்ட் யூ'. அதை எழுதினவங்கள்ல பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும் ஒருத்தர், 1951-ல அவரே பாடிப் பதிவும் பண்ணியிருக்கார். அதே சினாட்ராதான் 1958-ல, இசையில என் மேல மத்த யாரையும் விட அதிக பாதிப்பு செஞ்சவர் பில்லிதான்னு சொன்னவர். மாணவன் எழுதின பாட்டை ஆசிரியர் வாங்கிப் பாடுறாங்க. சினாட்ரா பாடினது அழகான ஏக்கம். பில்லி பாடுறப்போ அந்த முட்டாள்தனத்தோட விலை என்னன்னு தெரிஞ்சவர் பேசுற மாதிரி இருக்கு. அந்த வித்தியாசம் குரல் கெட்டதால மட்டும் வந்துடாது. குரல் கெட்டவங்க எத்தனையோ பேர் இருக்காங்க.

கமகம்:

நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவள். இந்த விவாதத்தைக் கொஞ்சம் குரல் பக்கமாக இழுக்கிறேன்.

இளமையிலும் பில்லியுடையது பெரிய குரல் இல்லை. ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். சின்ன வயதில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் கனத்த நாதத்தையும் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் உணர்வையும். பெஸ்ஸியின் கனம் அவரிடம் கிடையாது. அதனால் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வழியைப் பிடித்தார். ஏறி இறங்கும் மெட்டை நாலைந்து ஸ்வரங்களுக்குள் சுருக்கிக்கொண்டு, விளையாட்டை எல்லாம் தாளக் காலத்தில் வைத்தார்.

அதே 1937 ஜனவரி அமர்வில் பதிந்த 'ஐ மஸ்ட் ஹேவ் தட் மேன்' பாட்டைத் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஃபிரெடி கிரீனின் கிட்டார், வால்டர் பேஜின் பாஸ், ஜோ ஜோன்ஸின் டிரம்ஸ். கவுண்ட் பேஸி குழுவின் தாளத்தைத் தாங்கிய மூவர். காலப்பிரமாணம், அதாவது வேகம், துளி அசையாது. பில்லி அதற்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வருகிறார். சொல் தட்டில் விழாது, தட்டு போனபின் விழும். அடுத்த சொல் இன்னும் தாமதம். சரி, விட்டுவிட்டார் என்று நினைக்கும்போது இரண்டு மூன்று சொற்களை விரைந்து சொல்லிச் சேர்ந்துவிடுகிறார். தட்டுக்கு முன்னோ பின்னோ பாட்டைத் தொடங்கும் நம் அனாகத, அதீத எடுப்புக்குக் கணக்கு உண்டு. இதற்குக் கணக்கே இல்லை, ஆனால் பிசகுவதும் இல்லை.

இப்போது சாட்டின். எனக்கு அதில் குறை குரல் இல்லை. தாமதம் என்பது தெரிய வேண்டுமானால் பின்னால் அசையாத தாளம் ஒன்று வேண்டும். அங்கே எல்லாம் மிக மெதுவான காலம், வயலின்கள் மெத்தை போல விரிந்து கிடக்கின்றன. அவர் பின்தங்கினால் அதுவும் கூடவே பின்தங்குவதாகக் காதுக்குப் படுகிறது. அவருடைய மிகப் பெரிய வித்தையைக் காட்ட இடமே கொடுக்காத ஏற்பாடு அது.

வன்னிக்காற்று:

நான் டொரொண்டோவில இருக்கிறன். நீங்கள் மூண்டு பேரும் குரலைப் பற்றியே கதைக்கிறியள். அந்தக் குரலுக்கு என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. "போதையும் குடியும்" எண்டு ஒரு வரியில தம்புரா ஐயா முடிச்சிட்டார். அது போதாது.

1939-இல் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. கும்பலால் அடிச்சுக் கொல்லப்பட்ட கறுப்பு ஆக்களின்ர உடல் மரத்தில தொங்கிறதைப் பற்றின பாட்டு. எழுதினவர் ஏபெல் மீரோபோல், நியூயோர்க் பிராங்ஸில பள்ளிக்கூட ஆசிரியர். பில்லி ஒப்பந்தத்தில இருந்த கொலம்பியா கம்பெனி பதிய மாட்டம் எண்டு சொல்லிப்போட்டுது. கொமடோர் எண்ட சின்ன கம்பெனியில ஏப்ரல் 20-ந் திகதி பதிஞ்சவ. நியூயோர்க் கிரீனிச் வில்லேஜில இருந்த கஃபே சொசைட்டி எண்ட கிளப்பில அவ அதைப் பாடுற நேரம் பரிமாறுற ஆக்கள் வேலையை நிப்பாட்டுவினம், விளக்குகளை அணைப்பினம், முகத்தில மட்டும் ஒரு வெளிச்சம். அதுதான் கடைசிப் பாட்டு. கைதட்டினாலும் திரும்பி வரமாட்டா.

1947-இல் போதைப்பொருள் வழக்கு. சிகிச்சை கிடைக்க வேண்டிய ஆளை மேற்கு வர்ஜீனியாவில சிறையில போட்டினம். வெளியில வந்து சில நாளில, 1948 மார்ச் 27, நியூயோர்க்கின்ர பெரிய இசையரங்கு கார்னகி ஹோல் நிறைஞ்ச கூட்டம். ஆனால் நியூயோர்க்கில மது விக்கிற இடத்தில பாடுறதெண்டால் பொலிஸ் குடுக்கிற காபரே அட்டை வேணும். வழக்கு இருந்ததால அதைப் பறிச்சுப்போட்டினம். கார்னகி ஹோலில பாடலாம், ஒரு கிளப்பில பாடேலாது. ஒரு ஜாஸ் பாடகிக்கு அண்டாடச் சோறு கிளப்பிலதான். சாகக் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலயே கைது செய்து, வாசலில பொலிஸை நிப்பாட்டினவை.

ஆகவே அந்தக் கடைசிக் குரலை "அழிஞ்ச குரல்" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ஒரு அரசு ஒரு மனுசிக்குச் செய்தது அதில பதிவாகியிருக்கு. எனக்கு அது சாட்சியம்.

தம்புரா:

வன்னிக்காற்று, நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் என் கவலை இதில்தான் இன்னும் கூடுகிறது. சாட்சியம் என்று வைத்துவிட்டால் அதை யாரும் இசையாக எடைபோட முடியாது. நன்றாக இல்லை என்று சொல்கிறவன் மனிதாபிமானம் இல்லாதவன் ஆகிவிடுவான்.

லெஸ்டர் யங்குக்கும் ராணுவத்தில் கொடுமை நடந்தது, 1945-ல் ராணுவச் சிறையில் கிடந்தார். அவரைப் பேசும்போது நாம் முதலில் பேசுவது அவர் வாசிப்பை. பில்லி என்றால் மட்டும் முதலில் போதை ஊசி, சிறை, ஆஸ்பத்திரி. பெண் பாடகி என்றால் அவள் அனுபவித்தாள், அது தானாகப் பாட்டாக வந்துவிட்டது என்று நினைக்கிற பழக்கம் இது. கமகம் மேலே விளக்கியதை வாழ்க்கை யாருக்கும் தானாகக் கொடுத்துவிடாது. அது யோசித்து, உழைத்து, இரவிரவாக மற்ற வாத்தியக்காரர்களைக் கேட்டுச் செய்தது.

ஊசிமுள்:

கமகம் மேடம், அசையாத தாளம் வேணும்னீங்க. சரி. கடைசிக்காலக் குரலும் அசையாத தாளமும் சேர்ந்த ஒண்ணு இருக்கு. 1957 டிசம்பர் 8, சி.பி.எஸ். தொலைக்காட்சியில 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சி. பாட்டு 'ஃபைன் அண்ட் மெல்லோ', பில்லியே எழுதின ப்ளூஸ். சாட்டின் பதிவுக்கு சுமார் ரெண்டரை மாசம் முன்னாடி.

சுத்தி நிக்கிறவங்க பெரிய ஜாஸ் வாத்தியக்காரங்க: பென் வெப்ஸ்டர், கோல்மன் ஹாக்கின்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ், ஜெரி மல்லிகன். லெஸ்டர் யங்குக்கு உடம்பு ரொம்ப மோசம். அவரும் பில்லியும் ஒருத்தரை ஒருத்தர் விட்டு விலகிப் பல வருஷம். அவர் முறை வந்ததும் எழுந்து வந்து ஒரே ஒரு கோரஸ், அதாவது பாட்டோட ஒரு முழுச் சுற்று, வாசிக்கிறார், பன்னெண்டு தாள அளவு. மத்தவங்க அடுக்கின மாதிரி எதுவும் இல்ல. நீளமா, மெதுவா, சில சுரங்கள்தான். கேமரா பில்லி முகத்துக்குப் போகுது. உதடு லேசா அசையுது, தலை ஆடுது, புன்னகை வருது. அடுத்த சுற்றைப் பில்லி எடுக்கிறப்போ தாளத்துல உட்கார்ற விதத்தைப் பாருங்க. குரல் தேஞ்சிருக்கு, ஆனா இடம் ஒரு இம்மிகூட தப்பல. 1959 மார்ச்ல லெஸ்டர் போனார், நாலு மாசத்துல பில்லியும்.

தம்புரா சார் கவலைக்கும் ஒண்ணு சொல்றேன். பில்லி செத்த அன்னைக்கே அமெரிக்கக் கவிஞர் ஃபிராங்க் ஓஹாரா எழுதின கவிதை ஒண்ணு இருக்கு. முழுக்க கடைக்குப் போறது, சிகரெட் வாங்குறதுன்னே போகும். கடைசியில ஃபைவ் ஸ்பாட் கிளப்ல பியானோ பக்கத்துல நின்னு, வாசிச்சுட்டிருந்த மால் வால்ட்ரனுக்குப் பில்லி முணுமுணுத்த பாட்டு ஒண்ணு ஞாபகம் வருது, எல்லாரும் மூச்சை நிறுத்திட்டாங்கன்னு முடியும். அதுல சிறை இல்ல, ஊசி இல்ல. அந்தக் கடைசிக் குரல், அது கேட்டவங்க உடம்புல செஞ்சது, அவ்வளவுதான்.

மாடிப்படி:

போன வாரம் கேள்வி கேட்டது நான்தான். இரண்டையும் கேட்டேன். அவர் வாழ்க்கை பற்றி எதுவும் தெரியாமல்தான் கேட்டேன், அதனால் சொல்லலாம் என்று தோன்றியது.

சாட்டினில் முதல் பாட்டு ஆரம்பித்ததும் பாடுகிறவர் எழுபது வயதுப் பாட்டி என்று நினைத்தேன். வயலின் கொஞ்சம் தொந்தரவாக இருந்தது. ஆனால் 'யூவ் சேஞ்ச்ட்' வந்தபோது கையில் இருந்த வேலையை வைத்துவிட்டேன். யாரோ எதிரில் உட்கார்ந்து தணிந்த குரலில் குற்றம் சொல்வது மாதிரி இருந்தது. 1937 பாட்டுகள் முதலில் சந்தோஷமான பழைய பாட்டுகளாக மட்டும் பட்டன. கமகம் சொன்னபடி தட்டிக்கொண்டு கேட்ட பிறகு, இரண்டு நாளாக அதைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

கமகம்:

மாடிப்படி, இன்னும் ஒன்று செய்து பாருங்கள். 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் 1939-ல் பதிந்தது 'ஃபைன் அண்ட் மெல்லோ'தான். அதைக் கேட்டுவிட்டு உடனே 1957 ஒளிபரப்பைக் கேளுங்கள். அதே பாட்டு, அதே பாடகி, நடுவில் 18 ஆண்டு. இளமையில் வரியின் கடைசியை மெல்ல வளைத்து விடுவார். பின்னாளில் வளைக்கக் குரல் இல்லை, சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அந்த நிறுத்தத்தில் பின்னால் நிற்கிறவர் வாசிக்க இடம் கிடைக்கிறது. ஊசிமுள் காட்டியது சரியான உதாரணம். என் மாணவிகளுக்கும் போட்டுக் காட்டப்போகிறேன்.

தம்புரா:

1957-ஐ நானும் முழு மனதோடு சேர்ப்பேன். முதலில் 1937, அப்புறம் 1939 இசைத்தட்டின் இரண்டு பக்கமும், அப்புறம் அந்த ஒளிபரப்பு. அந்த வரிசையில் சாட்டினுக்கு இடம் கொடுக்க மாட்டேன். அவருக்குத் தேவைப்பட்டது பதில் சொல்கிற சாக்ஸபோன். 1958-ல் அவரைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசித்தார்கள், கோரஸ் பின்னால் 'ஊ' போட்டது. அவர் விட்ட இடைவெளியில் ஒருவரும் பேசவில்லை.

ஊசிமுள்:

ஒருவரும் பேசலன்னு சொல்லாதீங்க சார், அதுல ஜே.ஜே. ஜான்சனும் அர்பி கிரீனும் டிராம்போன் வாசிச்சிருக்காங்க. இன்னைக்கு ராத்திரி கோரஸை மனசுல அணைச்சுட்டு, அந்த டிராம்போனையும் அவர் குரலையும் மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை கேளுங்க. நாளைக்கு இங்கேயே வந்து திட்டுங்க.