டிரிப் கோப்பி மெசினில் லைட் எரிகிறது, சூடு மட்டும் ஏறவில்லை

ஹட்டன்வாசி:
வணக்கம். 900 வாட் டிரிப் கோப்பி மெசின். சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் எரிகிறது, ஆனால் ஜாடி வைக்கும் தட்டு குளிர்ந்தபடியே கிடக்கிறது, தண்ணீரும் மேலே ஏறவில்லை. நிற்பதற்கு முன் கொஞ்ச நாளாகவே கடமுட என்று சத்தம் போட்டு, பாதித் தண்ணீரைத் தொட்டியிலேயே விட்டுவிடும். எங்களுக்கு வருவது பீலித்தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்). டவுனில் கேட்டால் "இதெல்லாம் திருத்த ஏலாது, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பண்டாரவளை அண்ணன்:
லைட் எரிவதால் பிளக்கில் உள்ள பியூஸ் சரி, வயரும் சரி. பல மெசின்களில் அந்த லைட் சுவிட்சுக்கு அடுத்தே இருக்கும், ஹீட்டர் செத்தாலும் அது எரியும், அதை நம்ப வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு (சுவிட்சை அணைத்தது போதாது தம்பி) அடிமூடியைத் திறங்க. ஸ்குருவில் ஒன்றிரண்டு முக்கோணத் தலையாக இருக்கலாம். உள்ளே லாட வடிவில் வளைந்த ஹீட்டர், அதோடு ஒட்டிய அலுமினியக் குழாய், வட்டமான ஒரு தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் கரண்டை நிறுத்தி, ஆறினால் திரும்பக் கொடுப்பது), வெள்ளை உறைக்குள் ஒளிந்திருக்கும் தெர்மல் பியூஸ் (சூடு அளவு மீறினால் ஒரேயடியாக அறுந்துவிடுவது) தெரியும். சிலதில் இரண்டு பியூஸ் இருக்கும். ஒவ்வொன்றாக மீட்டர் வையுங்க. 230 வோல்ட்டில் 900 வாட் என்றால் ஹீட்டர் 59 ஓம் பக்கம் காட்ட வேண்டும்.

மஸ்கெலியா:
பியூஸ் போயிருந்தால் வெட்டிப் போட்டுவிட்டு வயரை நேராக முறுக்கிவிடுங்க. எங்க வீட்டில் அப்படித்தான் ஓடுது.

நுவரெலியா அக்கா:
தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் கரண்டை நிறுத்த அந்தப் பியூஸை விட்டால் வேறு ஆள் இல்லை, மெசினோ பிளாஸ்டிக். பலகை லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அடுப்படியில் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கவே கூடாது.

ஹட்டன்வாசி:
திறந்துவிட்டேன். ஹீட்டர் 58 ஓம். தெர்மோஸ்டாட் தொடர்பு காட்டுகிறது. பியூஸ் ஒன்றுதான், அதில் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை.

பண்டாரவளை அண்ணன்:
அப்போ ஆள் பிடிபட்டான். பியூஸின் உடம்பில் வெப்ப அளவும் ஆம்பியரும் அச்சடித்திருக்கும், அதே அளவைக் கேட்டு வாங்குங்க, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். ஈயம் வைத்துப் பற்றவைக்கப் போனால் அந்தச் சூட்டிலேயே புதுப் பியூஸும் போய்விடும். வயரைச் சேர்த்து நசுக்கும் சிறு உலோகக் குழாய் எலெக்ட்ரிக் சாமான் கடையில் கிடைக்கும், குறட்டால் இறுக்கிவிட்டு அந்த வெள்ளை உறையைத் திரும்பப் போடுங்க. பழையது எப்படி ஹீட்டரோடு ஒட்டி இருந்ததோ புதுசும் அப்படியே ஒட்டி இருக்க வேண்டும்.

நுவரெலியா அக்கா:
பியூஸை மட்டும் மாற்றினால் திரும்பவும் போகும், அந்தக் கடமுட சத்தத்தைப் பாருங்க. தொட்டிக்கும் ஹீட்டருக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயைக் கழற்றினால் உள்ளே சின்ன வால்வு இருக்கும், தண்ணீர் ஒரு பக்கம்தான் போகவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் உப்புப் படிவு என்பேன், நம்ம பீலியில் மழை பெய்தால் வருவது மண். அது வால்வில் சிக்கினால் ஹீட்டருக்குத் தண்ணீர் போகாது, வெறுமனே காயும். கழுவிவிட்டு, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு தடவை ஓட்டி, பிறகு வெறும் தண்ணீரில் வாசம் போகும்வரை ஓட்டுங்க. இனி துணியில் வடிகட்டி ஊற்றுங்க.

ஹட்டன்வாசி:
வால்வில் மண்தான், அக்கா. கழுவி, பியூஸும் மாற்றியாச்சு, தட்டு சுடுகிறது. தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பண்டாரவளை அண்ணன்:
மூடியைப் பூட்டும் முன் ஹீட்டர் முனைக்கும் பிளக்கின் எர்த் காலுக்கும் மீட்டர் வையுங்க, எதுவும் காட்டக்கூடாது. அப்புறம் பூட்டி ஒரு ஜாடி ஓட்டுங்க. தண்ணீர் முழுக்க இறங்கியதும் கொஞ்ச நேரத்தில் "டிக்" என்று கேட்க வேண்டும், ஆறியதும் இன்னொரு "டிக்". கேட்காமல் தட்டு மேலும் மேலும் காய்ந்தால் உடனே பிளக்கை இழுங்க, தெர்மோஸ்டாட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

ஹட்டன்வாசி:
இரண்டு டிக்கும் கேட்டது. நன்றி அண்ணன், நன்றி அக்கா.