இழை: ‘ஸ்டெல்த்’ என்பதற்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அன்பர்களே, வணக்கம்.

ஒரு கணினி விளையாட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். முதல் மூன்று கட்டங்களின் உரை வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ‘ஸ்டெல்த்’ (stealth, பிறர் கண்ணில் படாமல் நழுவிச் செல்வது) என்ற ஒரே சொல்லில் வண்டி நிற்கிறது. ஆட்டவகைக்கும் அதுதான் பெயர், திறன் பட்டியலிலும் அதுதான், குனிந்து நடக்கிற பொத்தானிலும் அதுதான். பொத்தானில் ஐந்தாறு எழுத்துக்கு மேல் கொள்ளாது.

ஆடிப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடக்கக் கட்டத்தில் நம் கையில் ஆயுதமே கிடையாது. ஒரு கிடங்கு, மூன்று காவலர்கள், ஒவ்வொருவரும் தனித்தனித் தடத்தில் போய்த் திரும்பி வருகிறார்கள். அவர்கள் பார்வை தரையில் கூம்பு மாதிரி விழும். அதில் கால் பட்டால் காவலன் தலைக்கு மேல் கேள்விக்குறி, அங்கேயே நின்றுவிட்டால் வியப்புக்குறி, அப்புறம் சங்கு அலறும், எல்லாரும் ஓடி வருவார்கள். இரும்புத் தளத்தில் ஓடினால் சத்தம் கேட்கும், கம்பளத்தில் கேட்காது. பொறு, பார், அவன் முதுகைக் காட்டியதும் நகர்: முதல் கட்டம் சொல்லித்தருவது இவ்வளவுதான்.

வரைவில் ‘மறைவாட்டம்’ என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

ந.

*

ந., ‘மறைவாட்டம்’ என்றால் எதுவோ வாடிப்போன மாதிரி இருக்கிறது. ‘ஒளிவாட்டம்’ சரியாக வருமா?

பொ.

*

பொ., அதிலும் அதே வாட்டம்தானே! தவிர, இந்த ஆட்டங்களில் ‘ஒளி’யைத் தொட்டால் வம்பு. 1998இல் வந்த ‘தீஃப்’ ஆட்டத்தில் திரையின் அடியில் ஒரு மணிக்கல் இருக்கும். நிழலில் நின்றால் மங்கும், விளக்கடிக்கு வந்தால் பளிச்சென்று ஆகும். நீரம்பு எய்து தீப்பந்தத்தை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே ‘ஒளிக்குள் ஒளியாதே’ என்று அறிவிப்பு எழுதிப் பாருங்கள், ஆடுகிறவன் விளக்கடியில் போய் நிற்பான்.

என்னைக் கேட்டால் ‘ஸ்டெல்த்’ என்றே விட்டுவிடலாம். ஆடுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ய.

*

நண்பர்களே,

இருக்கிற சொல்லை மறந்துவிட்டு எதற்குப் புதிதாகத் தேடுகிறோம்? தொல்காப்பியர், பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித் திணைக்கு ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின்’ என்று இலக்கணம் சொல்கிறார். அரசன் ஏவிய வீரன், பகைவன் நிலம், களவு. ந. எழுதிய கிடங்குக் காட்சி வேறென்ன? வெட்சியின் துறைகளில் ‘புடைகெடப் போகிய செலவு’ என்று ஒன்று உண்டு. சுற்றியிருப்பவர் அறியாதபடி போவது. அதை ஒட்டியே ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேய்’, அதாவது ஒற்றரால் வேவு பார்ப்பது, வருகிறது. ஆகவே ‘வேய்’, ‘வேயாட்டம்’. பொத்தானிலும் இரண்டே எழுத்து.

வேய்தல் மூடுதல், கூரை வேய்கிறோம். மூடியது மறைந்தது, மறைந்து அறிவது வேய், அதிலிருந்துதான் வேவு என்று எனக்குத் தோன்றுகிறது. மூங்கிலுக்கும் வேய் என்று பெயர், அது உள்ளே துளையை மறைத்திருப்பதால் வந்ததா என்பது தனியாக ஆராய வேண்டியது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வர்களின் துணை எட்டு என்று அடுக்கும்போது ‘இடனே காலம் கருவி’ என்று முடிக்கிறான். இந்த ஆட்டத்துக்கு இதைவிட நல்ல கையேடு எது?

செ.மு.

*

செ.மு. ஐயா, மேற்கோள் அருமை, ஆனால் வெட்சியின் முதல் துறையே ‘படையியங்கு அரவம்’, படை கிளம்புகிற ஓசை. அவ்வளவு அரவத்தோடு கிளம்பினால் இந்த ஆட்டத்தில் வாசலிலேயே தோற்றுவிடுவோம். ‘வேய்’ என்று பொத்தானில் போட்டால் இப்போது ஆடுகிறவர்கள் ஏதோ கூரை கட்டுகிற ஆட்டம் என்று நினைப்பார்கள்.

மறைந்திருந்து தாக்கும் கெரில்லாப் படையை ஈழத்து வழக்கில் கரந்தடிப் படை என்கிறோம். அதை வைத்துக் ‘கரவாட்டம்’?

பொ.

*

பொ., குறளில் ‘களவறிந்தார் நெஞ்சில் கரவு’ வஞ்சனை அல்லவா? அதோடு ‘கரப்பு’ என்று திறன் பட்டியலில் போட்டால் மருந்தடிக்கத் தேடுவார்கள்.

இந்த ஆட்டங்களில் ஒளிவது பாதி வேலைதான், பார்வையில் படாமல் நகர்வதுதான் பெரிய வேலை. 1998இன் ‘மெட்டல் கியர் சாலிட்’ தொடக்கத்தில் வெட்டவெளிப் பனியில் நடந்தால் நம் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே காவலன் வருவான். பெட்டிக்குப் பின்னால் எவ்வளவு நன்றாக ஒளிந்திருந்தாலும் நடந்து வந்த வழி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அசைவு உள்ள வினை வேண்டும். ‘பதுங்கு’ எப்படி? பூனை பதுங்கிப் பதுங்கிப் போகிறது என்றுதானே சொல்கிறோம். ஆட்டவகைக்குப் ‘பதுங்காட்டம்’.

ந.

*

புலி பதுங்குவது பாய்வதற்கு. ஒருவரையும் தொடாமல் கட்டத்தை முடித்தால்தான் கூடுதல் புள்ளி என்று நீங்களே முன்பு ஒருமுறை எழுதினீர்கள். மேலும் ‘பதுங்காட்டம்’ என்பதைப் ‘பதுங்கா ஆட்டம்’ என்று பிரித்தால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பதுங்காத ஆட்டம்!

செ.மு.

*

ஐயா, அப்படியானால் வகர உடம்படுமெய் வந்து ‘பதுங்காவாட்டம்’ என்றல்லவா ஆக வேண்டும்? இது பதுங்கு + ஆட்டம், குற்றியலுகரம் கெட்டது, வினைத்தொகை. வழு இல்லை.

பொ.

*

புணர்ச்சி சரி, பொருள் இடிக்கிறது. 1981இன் ‘காசில் வூல்ஃபென்ஸ்டைன்’ ஆட்டத்திலேயே காவலரின் சீருடையைப் போட்டுக்கொண்டு சாதாரணக் காவலர்கள் முன்னால் நிமிர்ந்து நடக்கலாம். 2000இல் தொடங்கிய ‘ஹிட்மேன்’ வரிசை முழுக்க வேடம்தான். அங்கே எவனும் பதுங்குவதில்லை, விளக்கு வெளிச்சத்தில் வணக்கம் வைத்துவிட்டுப் போகிறான். ந., உங்கள் மூன்றாம் கட்டத்தில் சீருடை இருக்கிறதா இல்லையா?

ய.

*

இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன், அது தனித் திறன், அதற்கு ‘வேடம்’ என்று போட்டுவிடலாம். குனிந்து நடப்பதற்குப் ‘பதுங்கு’. ஆட்டவகைக்குத்தான் ய. சொல்கிற ஓட்டை அடைபடவில்லை.

ந.

*

அப்போது ஆட்டவகைக்காவது ‘ஸ்டெல்த்’ என்று இருக்கட்டுமே. அதற்குள் குனிவதும் அடங்கும், வேடமும் அடங்கும்.

ய.

*

ஆட்டவகைக்கு ஆங்கிலம், பொத்தானுக்குத் தமிழ் என்றால் படிப்பவனுக்கு இரண்டுக்கும் தொடர்பே தெரியாது. என் வாக்கு ‘பதுங்காட்டம்’. பம்முதல் இன்னும் பேச்சுவழக்கு, ஆனால் ‘பம்மாதே’ என்று திட்டித் திட்டி அதில் கோழைத்தனம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பொ.

*

கோப்பை அனுப்பிவிட்டேன். பொத்தானில் ‘பதுங்கு’, ஆட்டவகை ‘பதுங்காட்டம்’, சீருடைக்கு ‘வேடம்’. பட்டியலில் ‘வேய்’ இல்லை, ஐயா மன்னிக்கணும். காவலன் தலைக்கு மேல் வியப்புக்குறி வந்ததும் தொடங்குகிற நிலைக்கு ‘உசார்’ என்று போட்டிருக்கிறேன். மூணு எழுத்து, பார்த்ததும் புரியும்.

ந.

*

என் மறுப்பு அப்படியே நிற்கிறது, பதிவில் இருக்கட்டும். ‘உசார்’ பாரசீக வழி வந்தது. ‘விழிப்பு’ என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?

செ.மு.

*

‘விழிப்பு’ தூங்கி எழுகிற காவலனுக்கு வேண்டும் ஐயா, இரண்டாம் கட்டத்தில் அப்படி ஒருவன் இருக்கிறான்.

ந.